சிபில்லாவின் அடக்கப் பாட்டு

1683 பிப்ரவரி 11
இன்றும் மழை. மதியம் சாயக்காரர் ஃபைட் கிரானிக்கின் மனைவி சிபில்லா ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். வயிற்றில் கட்டி, ஈஸ்டர் வரை தாங்காது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். தன் அடக்கத்துக்கு நான்கு குரலில் ஒரு பாட்டு வேண்டுமாம். பைபிளின் சங்கீதப் புத்தகத்தில் வசனத்தைக்கூடக் குறித்து வைத்திருந்தாள் — நிம்மதியாகப் படுத்துறங்குவதைப் பற்றியது.

“சீக்கிரம் எழுதுங்க, கான்டரய்யா. நான் கேட்டுட்டுத்தான் போவேன்.”

கான்டராக நான் நடத்தும் தேவாலயப் பாடகர் குழுவில் ஃபைட் நல்ல கீழ்க்குரல். “அவ சாவுக்கு ஒத்திகையா? என்னைக் கூப்பிடாதீங்க” என்று எழுந்து, மாடியிலிருந்து இறங்கி, ஜன்னலுக்குக் கீழே இருக்கும் சாயத்தொட்டிப் பக்கம் போய்விட்டார்.

பிப்ரவரி 19
எழுதி முடித்தேன். தாலாட்டு மாதிரி வந்திருக்கிறது. எனக்கே பிடித்திருக்கிறது.

பிப்ரவரி 21
மூன்று பேரைக் கூட்டிப்போய் அவள் கட்டிலருகே பாடினோம். கீழ்க்குரல் நான். கண்ணை மூடிக் கேட்டாள்.

“அழகா இருக்கு. ஆனா பொய்.”

சுருக்கென்றது.

“தூக்கம் சுகம்தான், நம்புறேன். அது வர்றதுக்கு முன்னாடி புரண்டு புரண்டு படுக்கிறேனே, அது எங்க?”

பதினாறு வருஷமாகச் செத்தவங்களுக்குப் பாடுறேன் — சாகிறவங்க யாரையும் ஒரு வார்த்தை கேட்டதில்லையே!

பிப்ரவரி 24
‘படுத்து’ என்ற சொல்லில் குரல்களைச் சுரம் இசையாமல் ஒன்றோடொன்று உரச விட்டேன். தாளத்தில் எட்டு எண்ணிக்கை வரை ஆறுதலே கிடையாது. அப்புறம்தான் உறக்கம்.

மார்ச் 2
தினமும் போய்ப் பாடுகிறோம். பாட்டு தொடங்கும்போது ஜன்னலைத் திறக்கச் சொல்கிறாள். குளிருமே என்றேன்.

“கீழ ஒருத்தர் காது கேக்காத மாதிரி நடிக்கிறார். கேக்கட்டும்.”

உரசும் இடத்தில் அவள் விரல்கள் போர்வையை இறுக்கிப் பிடிக்கின்றன. உறக்கம் வந்ததும் மெல்ல விடுகின்றன. என் பாட்டை இவளைவிட நன்றாகக் கேட்டவர் யார்? ஒருவரும் இல்லை.

மார்ச் 9
விடியும்போது போய்விட்டாள்.

மார்ச் 12
அடக்கம். நாங்கள் நால்வரும் குழியருகே நின்றோம். சுருதி கொடுக்க வாயெடுத்தேன். ஃபைட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நகக்கண்ணெல்லாம் நீலம்.

“தள்ளுங்க, கான்டரய்யா. கீழ்க்குரல் நான்.”

தள்ளி நின்றேன். அந்த எட்டு எண்ணிக்கையையும் அவர்தான் தாங்கினார். ஒரு சுரம் பிசகவில்லை.

நான் அவருக்குத் தாள் எழுதிக் கொடுக்கவே இல்லை.