பாடு என்று நாம் பெயர் வைத்த மரபணு

காலையில் பழவேற்காடு மார்க்கெட்டில் ஒரு நண்டைப் பார்த்தேன். ஒரு கை உள்ளங்கை அகலம், இன்னொன்று சுண்டுவிரல் அளவுகூட இல்லை. மீன்காரம்மா அதைக் கூடையிலிருந்து பொறுக்கித் தனியாகப் போட்டு, இது விலை போகாது, வேண்டுமென்றால் சும்மா எடுத்துக்கொள் என்றாள். நீ பக்கத்தில் இருந்திருந்தால் புடவை சேறாவதைப் பார்க்காமல் அங்கேயே குந்தி, அந்தக் குட்டிக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பாய். பின்னால் நிற்கிறவர்கள் நம்மைத் திட்டியிருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நண்டைப் பார்த்துச் சிரிக்கிற என்னை அந்த அம்மா ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

நண்டுக்குக் கை போனால் திரும்ப முளைக்கும் என்பது ஏரிக்கரையில் எல்லாருக்கும் தெரிந்த சேதி. ஓடு கழற்றும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும். நம்மைப் பிடித்து ஆட்டிய கேள்வி வேறு. முறிந்த இடத்தில் வந்து திரளும் செல்கள் முதலில் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றில் எது சதை, எது நரம்பு, எது ஓடு என்று யார் தீர்மானிக்கிறார்கள்? மீஞ்சூரில் ரயில் ஏறிப் பட்டணத்துக்குப் படிக்கப் போன காலத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆரம்பித்த பேச்சு, ஒரே ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் தீரவில்லை.

கடைசியில் அதைத் தீர்மானிக்கிற மரபணு அகப்பட்டது. அதை அடக்கி வைத்தால் செல்கள் எதுவாகவும் ஆகாமல் மசமசவென்று நின்றன. எழுப்பிவிட்டால் ஒவ்வொன்றும் தன் வேலையைப் பார்க்கப் போயின. நீ நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுக்காமலே, "இன்னாடி இது, உங்க ஊர் பாடு மாதிரி இருக்குது" என்றாய். அன்றைக்கே பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழ் தெரியாத வடக்கத்திக்காரர்கள்கூட நம் ஆய்வகத்தில் அதை ‘பாடு’ என்றுதான் சொன்னார்கள்.

பொருத்தமான பெயர்தான். ஏரித் தண்ணீர் யாருக்கும் சொந்தமில்லை. இறால் படுகிற இடங்களைப் பிரித்து, குடும்பத்துப் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று எங்கள் குப்பத்தில் முறை வைத்திருக்கிறார்கள். அதுதான் பாடு. என் நைனாவுக்கு அதில் பெயர் உண்டு. உன் வாப்பா பழவேற்காட்டில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். உங்கள் வீட்டுக்குப் பாடு கிடையாது.

அதற்குப் பிறகு காப்புரிமைக்கு எழுதினோம். இயற்கையில் இருக்கிற மரபணுவைக் கண்டுபிடித்தோம் என்பதற்காக அது நம்முடையதாகிவிடாது என்று வக்கீல் முதல் நாளே சொல்லிவிட்டார். அந்த மரபணுவை எழுப்பி, கண்ணாடித் தட்டில் வளரும் செல்களைச் சதையாக மாற்றுகிற வழிமுறைக்குத்தான் உரிமை கேட்டோம். நீ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். போனில் செய்தி சேனல் நடத்துகிற உள்ளூர்க்காரர் ஒருவர் கேட்டதும், பெயர் வைத்த கதை முதற்கொண்டு எல்லாவற்றையும் பூரிப்போடு கொட்டினாய். அவர் போட்ட தலைப்பு இன்னும் எனக்கு மனப்பாடம்: ‘பாடு உரிமை கோரி இரு பெண்கள் அரசிடம் விண்ணப்பம்.’

அன்று மதியமே நைனா கூப்பிட்டார். குரலே சரியில்லை. "இன்னாமா பண்ணி வச்சிருக்கீங்க ரெண்டு பேரும்? பாட்ட கவர்மென்ட்டுகிட்ட எழுதி வாங்கறீங்கன்னு ஊரே பேசுது. சீட்டுல என் பேர நிறுத்தி வச்சிட்டாங்க."

இறால் காலம் தொடங்குகிற நேரம். அந்தச் சீட்டில் பெயர் இல்லாவிட்டால் நைனாவுக்கு அந்தப் பருவம் முழுக்க ஏரியில் இடமில்லை. அதைவிட, மகள் ஊரை விற்றுவிட்டாள் என்ற பேச்சை அவரால் தாங்க முடியாது. நீதான் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பு என்றாய்.

ஊர்க்கூட்டத்தில் பெண்கள் பேசுகிற வழக்கமில்லை. அன்று நம்மைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தியிருந்தார்கள். நைனா ஓரமாகத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். செல், மரபணு என்று நான் ஆரம்பித்து, வகுப்பெடுப்பதுபோல் உளறிக் கொட்டினேன். ஒருவருக்கும் புரியவில்லை. நீ என்னை நகர்த்திவிட்டு முன்னால் வந்தாய். நண்டுக்குள்ளே இருக்கிற அந்தச் சமாசாரத்தை நாங்கள் கேட்கவில்லை, கேட்டாலும் யாரும் தரமாட்டார்கள் என்றாய்.

"ஏரி உங்களுது இல்ல மாமா. வலை கட்டற முறதான் உங்களுது, அதுவும் உங்க நாள் முடியற வரிக்கும். நாங்க கேட்டதும் அவ்ளோதான். ஒரு வழி, கொஞ்ச வருசத்துக்கு. அப்பறம் யார் வேணா பண்ணலாம்."

கூட்டத்தை நடத்திய ஊர்ப் பெரியவர் விடவில்லை. உங்கள் வீட்டுக்குப் பாடே கிடையாதே, நீ எப்படி அதைப் பற்றிப் பேசுகிறாய் என்று கேட்டார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. உனக்குச் சுருங்கவில்லை.

"இல்லாதவங்களுக்குத்தான் மாமா அது இன்னான்னு நல்லாத் தெரியும்" என்றாய்.

பெரியவர்தான் முதலில் சிரித்தார். நண்டுக்கும் ஒரு பாடு இருந்துவிட்டுப் போகட்டும், பெயரை மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நைனாவின் பெயரைச் சீட்டில் எழுதச் சொன்னார். நைனா எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, முதலில் உன்னிடம்தான் வந்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்.

காப்புரிமை கிடைத்தபோது நீ இல்லை. நோய் உன்னை அவசரமாகக் கொண்டுபோய்விட்டது. கிடைத்த அன்று நான் அழுதேன், மறைப்பானேன். ஆனால் அந்த ஒரு நாளோடு சரி. இப்போது உன்னை நினைத்தால் பெரும்பாலும் சந்தோஷம்தான் வருகிறது. என் மாணவிகள் அந்த வழிமுறையைச் செய்து பார்த்து, தட்டில் சதை முதல் தடவை துடிக்கும்போது ஓடிவந்து என்னை இழுத்துக்கொண்டு போகிறார்கள். நானும் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பார்ப்பதுபோல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன்.

நீ போன பிறகு நைனா ஒரு வழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறார். அவர் முறை வரும்போது முதல் நாள் படுகிற இறாலில் ஒரு பங்கை எடுத்துத் தனிப் பையில் போட்டு வைத்துவிடுகிறார். முதல் தடவை இது யாருக்கு என்று கேட்டேன்.

"அந்தப் பொண்ணு பாடு" என்றார், வலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதை உன் உம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறவள் நான். நேற்றும் கொண்டுபோனேன்.