தேய்க்காத கதவு

என் வீட்டுக்காரிக்கு,

நீயும் மகளும் சுகமா? சுகம்னுதான் எழுதுவே, போன்ல நீ இருமினதை நான் கேட்டேன். எனக்கு ஒரு குறையும் இல்லை.

போன லீவு நாள்ல எங்க ஃபோர்மேன், காட்டுப் பாதையில ஓட்டுற தன் ஜீப்பைக் கொண்டுவந்தார். கல் பட்டாலும் கீறல் விழாத கெட்டி பெயிண்டை நாமளே அடிச்சிடலாம்னு டப்பாவும் ரோலரும் வாங்கியிருந்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காம அடிச்சா அது உரிஞ்சு வந்துடும். அது தெரிஞ்ச மனுஷனே, "பின்கதவைத் தேய்க்காதே, அப்படியே அடி"ன்னார். எனக்குப் பொறி தட்டிச்சு. யாரையோ இடிச்சிட்டு வந்து என் கையால மறைக்கப் பார்க்கிறாரோ? அவர் டீ வாங்கப் போனதும் குனிஞ்சு பார்த்தேன். கதவுல ஆணியால கீறின ஒரு பூனை. அதுக்கு அஞ்சு கால்.

திரும்பி வந்தவர் என் முழியைப் பார்த்தே புரிஞ்சுக்கிட்டார். "பொண்ணு கீறினது. இப்போ அவ அம்மாவோட வேற ஊர்ல இருக்கா. கீறல்ல துருப்பிடிக்குது, மூடித்தான் ஆகணும். தேய்ச்சா பூனை அழிஞ்சிடும். பெயிண்டுக்கு அடியிலயாவது இருக்கட்டும்"னார்.

தேய்க்காமலே அடிச்சேன்.

இருமலுக்கு டாக்டரைப் பாரு. பீரோவுக்குப் பெயிண்ட் அடிக்கணும்னியே, மகள் கிறுக்கின பக்கத்தை மட்டும் விட்டுடு. விட்டதுக்கு போட்டோ அனுப்பு. நீ சொன்னா நம்பமாட்டேன்.

வேலைக்கு மணி அடிச்சாச்சு.

உன் சந்தேகப் பிராணி