போன் கத்தவில்லை

ஞாயிறு. புழுக்கம். வானம் மூடியிருக்கிறது.

நான் செய்த லோரா ரேடியோ பெட்டியைத் தெருமுனைக் கால்வாய்க் கம்பியில் கேபிள் டை போட்டுக் கட்டியாயிற்று. சிம் வேண்டாம், வைஃபை வேண்டாம், ஒரே பேட்டரி வருஷக்கணக்கில் ஓடும். அதிலிருந்து ஒரு வயர் கால்வாய்க்குள் தொங்கும். தண்ணீர் ஏறி வயரைத் தொட்டால் எங்கள் மொட்டைமாடி ஆன்டெனாவுக்குச் செய்தி வரும், என் போன் கத்தும்.

எல்லாம் கீழ்வீட்டு சலீமா அக்காவுக்காக. போன வெள்ளத்தில் தையல் மெஷின் மோட்டார் போச்சு. இப்போது மெஷின் இரண்டு, கல்யாண பிளவுஸ் ஆர்டர் வேறு. மேகம் கறுத்தாலே மெஷினைக் கட்டில்மேல் ஏற்ற ஆள் தேடுவார்.

"இனிமே அலைய வேணாம்க்கா. போன் கத்தினதும் நானே வந்து தூக்குறேன்."

"கத்தும்ல?"

"கண்டிப்பா."

செவ்வாய். தூறல்.

போனில்: தண்ணீர் இல்லை. சரி, தூறல்தானே. ஆனால் சிக்னல் நேற்றைவிடப் பிரமாதம். ஏன்? நான் ஒன்றையும் தொடவில்லையே.

வாங்க வேண்டியது: தோசை மாவு, கொசுவத்தி.

புதன். கொட்டோ கொட்டு.

இன்னமும் தண்ணீர் இல்லையாம்! சிறுசேரி ஆபீஸில் உட்கார்ந்து பெட்டியின் புரோகிராமைத் திருப்பித் திருப்பிப் படிக்கிறேன். பேட்டரி ஃபுல். சிக்னல் ஃபுல். மண்டை காய்கிறது.

பக்கத்து சீட் முரளி: "சென்சார் பேசுதுல்ல? அப்ப தண்ணி இல்லன்னு அர்த்தம். கால்வாய் ஒழுங்கா ஓடுது போல." எங்கள் இரும்புலியூர்க் கால்வாயா!

அக்காவுக்குப் போன் போட்டேன். "எதுக்கும் மெஷினைத் தூக்கிடுங்கக்கா."

"உன் போன் கத்துச்சா?"

"இல்ல..."

"அப்புறம் இன்னாத்துக்கு? நீ சொல்லிகீறியேன்னுதான் நிம்மதியா கொக்கி தச்சிகினு கீறேன்."

மழையை நம்புவதா, பெட்டியை நம்புவதா? தெரியவில்லை. பர்மிஷன் கேட்டுக் கிளம்புகிறேன்.

வியாழன். மழை விட்டது.

நேற்று பஸ் மேடவாக்கத்திலேயே ஊர்ந்தது. வந்து சேர்ந்தபோது அக்கா வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். ஒரு மெஷினைத் தூக்கிவிட்டோம். இன்னொன்றின் மோட்டார் முங்கிவிட்டது. போன் அப்போதும் அதையேதான் சொன்னது: தண்ணீர் இல்லை.

இன்று காலை அக்கா வீட்டைத் துடைக்கப் போனேன். பீரோ மேல் பழைய சேலையில் பத்திரமாகச் சுற்றி, என் பெட்டி! வயரைக்கூட அழகாகச் சுருட்டி வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை தூறல் ஆரம்பித்ததுமே தையல் கத்தரியால் டையை வெட்டி எடுத்து வந்திருக்கிறார். ஆன்டெனாவுக்கு நேர் கீழே இருந்தால் சிக்னல் பிரமாதமாகத்தானே இருக்கும்!

"மழைல நனைஞ்சிகினு தொங்குச்சும்மா. கெட்டுப்போச்சின்னா அப்புறம் எப்டி கத்தும்?"

நனையலாம் என்று நான் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. அங்கேயே அழுதுவிட்டேன்.

அக்கா மோட்டாரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வுடும்மா. உன் பெட்டியாவது நனையாம கீதே."