சத்தம் நின்ற கொலுசு

அக்கா, நீ போய்ப் பத்து வருடமாகிறது. இன்று காலை உன் மகள் வள்ளியின் பேத்தி கொலுசு போட்டுக்கொண்டு என் கட்டிலைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். பின்கட்டுப் பக்கம் போனதும் சத்தம் சட்டென்று நின்றது. "என்னாச்சு?" என்று கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன். தொண்டை வரை வந்தது உன் குரல். வாயோடு கண்ணையும் மூடிக்கொண்டேன். காரைக்குடி வீட்டு முற்றம் வந்து நின்றது. பகல் மழை. ஓட்டு விளிம்பிலிருந்து கம்பி கம்பியாகத் தண்ணீர். உனக்கு முப்பது வயது.

நான் ஐந்தாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன். ஊரில் அதை அவ்வளவு ஆழமாகப் படித்தவர் வேறு யாருமில்லை. அந்தத் தைரியத்தில்தான் உன்னிடம் அந்தக் கதையைச் சொன்னேன். ஊருணியில் ஒரு பிள்ளை முழுகியதையும், நான் பனை உயரத்திலிருந்து பாய்ந்து தூக்கி வந்ததையும். "சத்தமே வரலக்கா. நின்னுக்கிட்டிருந்த புள்ள, திரும்பிப் பாத்தா இல்ல" என்றேன். சோறு பிசைந்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாய். என் வீரத்தில் மலைத்துவிட்டாய் என்று நினைத்தேன்.

மறுநாளே நாலு வயது வள்ளியின் காலில் கொத்துக் கொத்தாகச் சலங்கை வைத்த கொலுசு. அடுப்படியிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டே சமைப்பாய். எறும்பு பார்க்க அவள் ஒரு நொடி நின்றால் போதும், "ஏத்தா, என்னாச்சு?" என்று கரண்டியோடு ஓடி வருவாய். அந்தக் குரலுக்கு முற்றத்துப் புறாக்கள் தேவகோட்டை வரை பறந்துவிட்டுச் சாயங்காலந்தான் திரும்பும்.

கொஞ்ச நாளில் வள்ளியின் கால் ஓயாமல் ஆட ஆரம்பித்தது. சாப்பிடும்போதும், தூங்கும்போதுங்கூட. வைத்தியர் நரம்பு என்றார். எண்ணெய் தேய்த்தாய். பிள்ளை இளைத்துக்கொண்டே போனது.

ஒரு மத்தியானம் பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்டேன். "கால் வலிக்கலயாத்தா?"

"வலிக்குது மாமா. நின்னா அம்மாவுக்குப் பயம் வந்துரும். அதான் ஆட்டுறேன்."

அவள் காலில் கிடந்தது உன் பயம். அதை உனக்குக் கொடுத்தவன் நான்.

அடுப்படிக்கு வந்து அவள் சொன்னதைச் சொன்னேன். பிறகு, "அக்கா, ஊருணியில அந்தப் புள்ள முழுகவே இல்ல. முழங்கால் தண்ணி. வழுக்கி விழுந்தது நாந்தான். அந்தப் புள்ளதான் கை குடுத்துத் தூக்கிவிட்டுச்சு" என்றேன்.

"அடப்பாவி! வாயாடா அது, ரைஸ்மில்லா?" என்று கரண்டியை வீசினாய். இரும்புக் கரண்டிதான் வளைந்தது, என் தலைக்கு ஒன்றுமில்லை. பிறகு சிரித்தாய். சிரிப்பிலேயே அழுதாய்.

அன்றே கொலுசைக் கழற்றினாய். வள்ளி பின்கட்டுக்குப் போனாள். சத்தமே இல்லை.

"கூப்பிடாதக்கா."

"கூப்பிடல. நீ கையக் குடு."

என் மணிக்கட்டில் உன் நகம் நாலும் இறங்கியது. அரை நாள் அப்படியே நின்றோம் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வேன். எட்டிப் பார்த்தபோது, நெல் மூட்டையில் சாய்ந்து வள்ளி தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு காலும் அசையவில்லை.

இன்றும் நான் கூப்பிடவில்லை அக்கா. என் மணிக்கட்டை நானே பிடித்துக்கொண்டு கிடந்தேன். சின்னவள் தானாகத் திரும்பி வந்தாள், கையில் ஒரு கொய்யாப் பிஞ்சோடு.

உன் நகத் தழும்பு நாலும் அப்படியே இருக்கிறது. வள்ளிதான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லயே மாமா, வெறும் சுருக்கந்தான்" என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும், அவள் அன்று தூங்கிக்கொண்டல்லவா இருந்தாள்.