நான் ஓட்டியிருக்க வேண்டிய விமானம்

மார்ச் 4

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாயிற்று. பஞ்சைக் கடித்தபடி எழுதுகிறேன். இன்று நான் ஓட்ட வேண்டிய விமானத்தை மச்சானிடம் விட்டுவிட்டேன். மனைவியின் தம்பி; என் கம்பெனியிலேயே விமானி. "நீங்க படுங்க அத்தான், நான் பாத்துக்கறேன்" என்றான். சின்ன ஜெட், மூன்றே பயணிகள், துடைத்துவிட்ட மாதிரி வானம். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம்.

அதே நாள், மாலை

மனைவி அழுதுகொண்டே எழுப்பினாள். தரையிறங்க வரும்போது, மூக்கின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்ய வாலில் இருக்கும் ட்ரிம் தானாக ஓடி, மூக்கைக் கீழே அழுத்தும் நிலையில் சிக்கிக்கொண்டதாம். மச்சான் அதன் மின்சாரத்தைத் துண்டித்து, வேகத்தைக் குறைத்து, கண்ட்ரோலை இரு கையாலும் நெஞ்சோடு இழுத்துப் பிடித்தபடியே தரைவரை கொண்டுவந்திருக்கிறான். துணை விமானி எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைப் பார்த்துக்கொண்டாள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

மனைவி கடவுளுக்கு நன்றி சொன்னாள். நானும் சொன்னேன். அடுத்து வந்த நினைப்பை எழுதவே கூசுகிறது — அது என் விமானம்.

மார்ச் 6

பேப்பரில் வந்த அவன் படத்தை மகள் ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டாள். தண்ணீர் குடிக்கப் போனால் பல்லைக் காட்டுகிறான்.

மார்ச் 7

வயிறு எரிகிறது. பல்லுக்குக் கொடுத்த மாத்திரைதான் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 9

மாமனார் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. "நல்லவேளை, மாப்பிள்ளைக்குப் பல்லு வலிச்சுது" என்றார் மாமனார். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும்.

அப்படின்னா? நான் ஓட்டியிருந்தா விழுந்திருக்குமா? இத்தனை வருஷமா ஒரு கோளாறும் இல்லாம ஓட்டறேனே, அதுக்கு என்ன பேரு? ஒண்ணும் கெடையாது. அவன் நேத்து முளைச்சவன், அவனுக்குக் கைதட்டு.

மச்சான் தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அதற்குள் பெரிய மனுஷத் தோரணை.

மார்ச் 14

சிமுலேட்டரில் எல்லோருக்கும் அதே கோளாறைக் கொடுக்கிறார்கள். போன ஜென்மத்திலிருந்து காத்திருந்தவன் மாதிரி போய் உட்கார்ந்தேன். வேகம் சரி, உயரம் சரி. கடைசியில், பழக்க தோஷம், இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாப்பை முழுக்க இறக்கினேன். மூக்கு கவிழ்ந்தது. கை தாங்கவில்லை. திரை சிவப்பாகிவிட்டது.

பயிற்சியாளர் நல்ல மனிதர். "உங்க மச்சான்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்திருக்கலாமே, கேப்டன்" என்றார்.

இரண்டாம் முறை இறக்கிவிட்டேன். நிஜத்தில் இரண்டாம் முறை ஏது?

வீட்டில் சொல்லவில்லை.

மார்ச் 22

எழுதிவிட வேண்டும்.

அன்றைக்குப் பிறகு மச்சானுக்கு இன்றுதான் முதல் விமானம். அவன் இடப்பக்க இருக்கையில் கேப்டன், நான் வலப்பக்கம் துணைக்கு. இறங்கும்போது எல்லாம் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. ஆனால் அவன் கண்ட்ரோலை இழுத்துக்கொண்டே இருந்தான். மூக்கு மேலே ஏறியது. "விடு, மெதுவா" என்றேன். அவன் விரல்களெல்லாம் வெளுத்திருந்தன.

"அத்தான், நீங்க எடுத்துக்கறீங்களா?"

எடுத்துக்கொண்டேன். இறக்கினேன்.

பயணிகள் போன பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை. "கை தானா இழுக்குது அத்தான். அன்னைக்கு விட்டிருந்தா எல்லாரும் போயிருப்போம். வீட்ல எல்லாரும் சிரிச்சுட்டு இருக்காங்க, யார்கிட்ட சொல்றது?"

அவன் என் முன்னால் இப்படித் தடுமாற வேண்டும் என்று மனசுக்குள் எத்தனை தடவை ஆசைப்பட்டிருப்பேன். இப்போது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"என்கிட்ட சொல்லிட்டேல்ல" என்றேன். "நாளைக்கு டாக்டர்கிட்ட போவோம். அவர் சரின்னு சொல்றவரைக்கும் நீ ஓட்ட வேண்டாம்."

மார்ச் 23

டாக்டர் ஒரு மாத ஓய்வு கொடுத்தார். கம்பெனியிலும் மறைக்காமல் சொல்லிவிட்டான். ஏன் என்று மாமனார் என்னைக் குடைந்தார். நேற்று இறக்கியது நான்தான் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். எளிதாக இல்லை.

ஏப்ரல் 26

டாக்டர் சரி சொல்லிவிட்டார். இன்று மச்சான் ஓட்டினான். வலப்பக்கம் உட்கார நானேதான் கேட்டு வாங்கினேன்.

தரை நெருங்கும்போது அவன் ஒரு கணம் என்னைப் பார்த்தான். நான் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை. சக்கரம் தொம்மென்றுதான் தொட்டது. நான் இறக்கியிருந்தால் பூ மாதிரி — சரி, போகட்டும்.

கீழே இறங்கியதும் மனைவிக்கு நானே போன் செய்தேன். "உன் தம்பி இறக்கிட்டான்" என்றேன்.