பாத்ரூம் கதவில் ஒட்டிய விண்ணப்பம்

செங்கல் (நெய்யாற்றின்கரை வழி),
10-8-2025, ஞாயிறு

கர்த்தருக்குள் பிரியமான மகள் பிஜிக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் ஐந்து பேரும் ஆண்டவர் கிருபையால் சுகம். அம்மாவின் முழங்கால் வலி நீ ஜெர்மனிக்குப் போகும்போது இருந்த அதே வலிதான், புதிதாக ஒன்றும் சேரவில்லை. நீ சுகமாக இருக்கிறாய் என்று முந்தாநாள் வீடியோவில் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டோம், என்றாலும் கடிதம் என்று எழுத உட்கார்ந்தால் கேட்டாக வேண்டும், சுகந்தானே மக்களே. தினமும் ஃபோனில் பேசுகிற அப்பா இப்போது எதற்குத் தாளும் பேனாவும் எடுத்தார் என்று நீ நினைப்பாய். ஃபோனை நடுவில் வைத்து நாலு தலையும் கூடி நிற்கும்போது அந்த நாலு தலைகளைப் பற்றி நான் எப்படிப் பேசுவது. இன்றைக்குச் சர்ச் முடிந்து வந்து மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்றுவிட்டு எல்லாரும் உறங்குகிறார்கள். இதுதான் சமயம் என்று எழுதுகிறேன்.

போன மாதம் நீ என்னைத் தனியாக ஃபோனில் கூப்பிட்டு, தங்கச்சி ஜிஜாவை அவள் பள்ளிக்கூட ஹாஸ்டலில் சேர்த்துவிடுங்கள் அப்பா, பாவம் என்னிடம் சொல்லி அழுகிறாள் என்றாய் அல்லவா, அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். அன்றைக்கு நான் சரி பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். நீ நர்ஸ் வேலைக்கு ஜெர்மனிக்குப் போனது எனக்குப் பெருமை, நான் ஸ்டேஷன் மாஸ்டராக இருக்கிற பஸ் டெப்போவில் ஒருத்தரையும் விடாமல் சொல்லியிருக்கிறேன். ஆனால் இங்கிருந்து நெய்யாற்றின்கரைக்கு அரைமணி நேரம், அந்த அரைமணி நேரத்துக்கு அப்பால் உள்ள ஹாஸ்டலில் என் பதினாலு வயதுப் பிள்ளை போய்த் தங்க நினைக்கிறாள், அதுவும் வீட்டில் காலையில் பாத்ரூம் கிடைக்காததால் என்றால், அதை நான் யாரிடம் போய்ச் சொல்ல. அவள் சொன்னதிலும் நியாயம் உண்டு. நீ இருக்கும்போதே நெருக்கடிதான். இந்த ஜூலையில் என் தங்கை மகள் ஷிஜாவும் மூணாறிலிருந்து வந்து, நம் வீட்டில் தங்கி, தனுவச்சபுரத்தில் காலேஜுக்குப் போகத் தொடங்கினாள். ஐந்து பேர், ஒரு பாத்ரூம், அதற்குள்ளேதான் கக்கூசும் கண்ணாடியும். இன்னொன்று கட்டலாம் என்று நீ சொல்வாய், நம்முடைய நாலு சென்டில் கிணற்றுக்கும் செப்டிக் டாங்குக்கும் நடுவே விட வேண்டிய இடத்தை விட்டால் கட்டுவதற்கு மிஞ்சுவது துளசிச்செடி நிற்கிற இடம்தான். ஜிஜாவுக்குப் புதனும் சனியும் பள்ளிக்கூடத்தில் போலீஸ் கேடட் பரேடு, ஆறு நாற்பதுக்கு வீட்டிலிருந்து இறங்கியாக வேண்டும். மூன்று தடவை பிந்திப்போய் ஓரத்தில் நின்றாள். இன்னொரு தடவை பிந்தினால் ஆகஸ்ட் பதினைந்து அணிவகுப்பில் இடம் கிடையாது என்று சார் சொல்லிவிட்டாராம். அன்று சாயங்காலம் ஹாஸ்டல் விண்ணப்பத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, ஒப்பு இடணும் அப்பா, எனக்க பேரு லிஸ்ட்ல இருந்து போவதுக்கு முன்ன நான் அங்க போறேன் என்றாள். எதற்காகச் சேர விரும்புகிறீர்கள் என்ற இடத்தில் அவள் கையெழுத்தில், வீட்டில் இடமில்லை என்று எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டு நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பிறகு, இரண்டு வாரம் தா மக்களே, அதற்குள் சரியாகவில்லை என்றால் நானே கையெழுத்துப் போட்டு அங்கே கொண்டுவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

வாக்குக் கொடுத்ததும் எனக்குள்ளே இருக்கிற ஸ்டேஷன் மாஸ்டர் எழுந்துவிட்டான். இத்தனை வருஷம் எத்தனை பஸ்ஸை நேரத்துக்கு விட்டிருக்கிறேன், நாலு பேரை விட முடியாதா என்று ஒரு ஷெட்யூல் போட்டேன். அம்மா ஐந்து இருபது, ஜிஜா ஐந்து முப்பத்தைந்து, ஷிஜா ஐந்து ஐம்பது, உன் தம்பி அஜின் ஆறு ஐந்து. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, சிவப்பு மையில் எழுதிக் கதவில் ஒட்டினேன். நேரம் முடிந்தால் வெளியே நின்று கதவில் ஒரு தட்டு, அடுத்த ஆள் ஏறலாம் என்றால் இரண்டு தட்டு, டபுள் பெல். திங்கட்கிழமை முதல் டிரிப்பிலேயே பிரேக் டவுன். ஜிஜா உள்ளே போய் சோப்பைக் காணோம் என்று வெளியே வந்தாள், அந்த இடைவெளியில் அஜின் புகுந்து கதவுக் கொண்டியைப் போட்டுவிட்டான். அவன் தலையை மட்டும் நனைத்துக்கொண்டு வெளியே வந்தால், ஷிஜா உள்ளே போய்க் கண்ணாடி முன்னால் நின்று இடுப்புவரை உள்ள முடியைப் பின்னத் தொடங்கினாள். நான் தட்டுகிறேன், தோ வாறேன் மாமா என்று சத்தம் மட்டும் வருகிறது. புதன்கிழமை ஜிஜா ஈரத்தலையோடும் வெறும் வயிற்றோடும் ஓடினாள், தலை தப்பியது. நான் ஷெட்யூலைத் திருத்தி நிமிஷங்களைக் குறைத்தேன். சண்டைதான் கூடியது.

வெள்ளிக்கிழமை சோறு உண்ணும்போது அஜின் ஒரு தாளை எடுத்து நீட்டினான். நான் கண்டக்டராக இருந்த காலத்தில் டிக்கெட் கணக்கு எழுதின பழைய வே பில்லின் பின்பக்கத்தில், அந்த வாரம் முழுக்க யார் எப்போது ஏறினார்கள், எப்போது இறங்கினார்கள் என்று குறித்து வைத்திருக்கிறான். அம்மா ஒன்பது நிமிஷம், ஜிஜா பன்னிரண்டு, ஷிஜா பதினாறு, அவன் நாலு, அப்பா இருபத்தேழு. எலே, எனக்க பேரு சார்ட்டிலேயே இல்லியே, பின்ன எப்படி என்று கேட்டேன். அதாக்கும் அப்பா பிரச்சினை, பெர்மிட் இல்லாத வண்டியாக்கும் ரோட்டை அடைச்சிட்டு நிக்குது என்றான் ஆறாம் வகுப்புக்காரன். ஸ்டேஷன் மாஸ்டர் பஸ்ஸில் ஏறுகிறவன் இல்லையே என்று நான் என்னைச் சேர்க்காமலே ஷெட்யூல் போட்டிருக்கிறேன். ஃபோனில் தியானச் செய்தியைப் போட்டு, அது முடியும்வரை நின்று முகச்சவரம் செய்கிற என் வழக்கம் உனக்குத் தெரியும். எல்லார் முன்னாலும் மாட்டிக்கொண்டேன். ஷிஜாவுக்குச் சிரிப்பு அடக்க முடியாமல் புரையேறிவிட்டது.

அப்போதுதான் உன் அம்மா வாயைத் திறந்தாள். இது டெப்போ இல்ல கேட்டியளா, வீடாக்கும், நேரம் போறது குளிக்கதுல இல்ல, தேடுகதுல என்றாள். அங்கன்வாடியில் பதினெட்டுப் பிள்ளைகளை ஒரே பைப்பில் கை கழுவவைத்து, ஒருத்தன் துவர்த்துத் துண்டில் இன்னொருத்தன் துடைக்காமல் பார்த்துக்கொள்கிறவள் அவள். மறுநாள் சனிக்கிழமை, ஜிஜா எப்படியோ பிந்தாமல் பரேடு போய் வந்த மத்தியானம், பாத்ரூமுக்குள் இருந்ததையெல்லாம் வெளியே எடுத்து முற்றத்தில் சாக்கு விரித்துப் போட்டாள். திறந்த பேஸ்ட் நாலு, பல்லுதிர்ந்த சீப்பு ஐந்து, காலி ஷாம்பு பாக்கெட் எண்ண முடியவில்லை, மயிர் கொட்டின என் ஷேவிங் பிரஷ், நீ போனபிறகு எல்லாரும் தேடின உன் வயலட் நிறக் கிளிப். இத்தனையும் அந்த அறைக்குள்ளே நம்மோடு குளித்துக்கொண்டிருந்தன. இனிமேல் உள்ளே தங்குவது வாளியும் கப்பும் விளக்குமாறும் மட்டும் என்று சட்டம் போட்டாள். கண்ணாடியைக் கழற்றி நடைச்சுவரில் மாட்டச் சொன்னாள், தலை பின்னுவதும் பவுடர் போடுவதும் அங்கேதான். ஆளுக்கொரு சின்னக் கூடை, அதில் அவரவர் சோப்பும் பிரஷும், போகும்போது எடுத்துப் போய் வரும்போது எடுத்து வர வேண்டும். கூடையும் துவர்த்தும் தொங்கவிட நடையில் கொக்கிகள், கொக்கிக்கு மேலே அங்கன்வாடியில் ஒட்டுவதுபோலவே பேருக்குப் பதில் படம். அவளுக்கு எறும்பு, ஜிஜாவுக்குக் கொக்கு, ஷிஜாவுக்கு மயில், அஜினுக்கு அணில். எனக்கு ஆமை. எனக்கு பஸ் படம் வேண்டும் என்று கேட்டுப் பார்த்தேன். பஸ்ஸும் பிந்தித்தானே வருது என்று சொல்லி ஆமையையே ஒட்டினாள்.

முகச்சவரம் கிணற்றடிக்கு மாற்றப்பட்டது. துணி துவைக்கிற கல்லின்மேல் சின்னக் கண்ணாடியைச் சாய்த்துவைத்து, தியானச் செய்தியையும் அங்கேயே கேட்கிறேன். பக்கத்து வீட்டு பினு பால் வாங்கப் போகும்போது மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, என்ன எலியாண்ணே, புஷ்பபாய் அக்கா வெளியே இறக்கி விட்டாச்சா என்கிறான். இறக்கித்தான் விட்டாள். ஆனால் ஒன்று சொல்கிறேன், காலைக் காற்றில் நின்று சவரம் செய்வது நல்ல சுகம். கத்திக்காயம்கூடக் குறைந்திருக்கிறது.

ஆனாலும் எனக்கு அடுத்த புதன்கிழமையை நினைத்துத்தான் பயம். அதற்கு முந்தின ராத்திரி பார்த்துக் காற்றும் மழையும் அடித்துக் கரண்ட் போய்விட்டது. ஐந்து மணிக்கு எழுந்து பைப்பைத் திறந்தால் வெறும் காற்றுதான் வருகிறது, டாங்கில் ஒரு சொட்டு இல்லை, மோட்டார் ஓடாது. தீர்ந்தது, இன்றோடு பிள்ளை கையைவிட்டுப் போனாள் என்று நினைத்தேன். வாளியும் கயிறும் எடுத்துக்கொண்டு மழையில் கிணற்றடிக்கு ஓடப் போனவனை அம்மா பிடித்து நிறுத்தி, உள்ளே பாருங்கோ என்றாள். ஐந்து வாளி நிறைய தண்ணீர், வரிசையாக, மூடிவைத்து. சாயங்காலமே பிடித்து வைப்பது அணிலின் வேலை என்று அவள் அவனிடம் ஒப்படைத்திருந்தது எனக்குத் தெரியாது. டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொருத்தராகக் கூடையோடு போய் வந்தார்கள். ஆளுக்கு ஒரு வாளி, யாரும் தட்டவில்லை, யாரும் கத்தவில்லை. ஷிஜா தன் தலையைக்கூடப் பின்னாமல் ஜிஜாவுக்கு முதலில் பின்னிவிட்டாள். நான் குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு கிணற்றடியில் சவரம் செய்து முடித்து வந்து பார்க்கிறேன், ஆறு இருபதுக்கு ஜிஜா யூனிபாரமும் தொப்பியும் போட்டு, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் நடையில் நிற்கிறாள். பிறகு உட்கார்ந்து இரண்டு குற்றி குழாய்ப்புட்டும் பயறும் தின்றாள். அவள் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போவதைப் பார்த்து எத்தனை மாதமாகிறது. நான் வேலை இருப்பதுபோல அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்தாம் தேதி அணிவகுப்பில் அவள் இரண்டாம் வரிசையில் போகிறாள், சார் அன்றைக்கே சொல்லிவிட்டார்.

இனி முக்கியமான விஷயம். நேற்றோடு இரண்டு வாரம் முடிந்தது. வாக்கு வாக்குதானே, இன்று காலையில் பேனாவை எடுத்துக்கொண்டு, ஜிஜா அந்த விண்ணப்பம் எங்கே என்று கேட்டேன். அவள் பாத்ரூம் பக்கம் கையைக் காட்டினாள். போய்ப் பார்த்தால் என்னுடைய சிவப்பு மை ஷெட்யூலைக் காணோம், அந்த இடத்தில் புதிதாக ஒரு தாள். எறும்பு, கொக்கு, மயில், அணில், ஆமை என்று அவள் கையால் வரைந்து நேரம் எழுதியிருக்கிறாள். இது எந்தத் தாளுடி என்று கேட்டேன். ஹாஸ்டல் தாளுதான் அப்பா, பொறத்தால வெள்ளையாட்டு கெடந்துது என்றாள். வீட்டில் இடமில்லை என்று அவள் எழுதின பக்கம் பசையோடு கதவில் ஒட்டிப்போயிற்று. நான் அங்கேயே நின்று அழுதுவிட்டேன் பிஜி. குளிக்க வந்த அஜின், அப்பா இது ஆமைக்க நேரம் இல்ல, தள்ளி நில்லுங்கோ என்றான்.

அதனால் ஹாஸ்டல் பேச்சை இனி நீ எடுக்க வேண்டாம், அவள் எங்கும் போகவில்லை. நீயும் அங்கே கூடத் தங்குகிற மூன்று பிள்ளைகளோடு ஒரு பாத்ரூமில்தான் குளிக்கிறாய், அம்மாவின் கூடைமுறையை அங்கேயும் செய்துபார். வெறும் வயிற்றோடு டியூட்டிக்குப் போகாதே, காலுக்கு சாக்ஸ் போடாமல் தரையில் நடக்காதே, ஞாயிறன்று டியூட்டி இல்லை என்றால் சர்ச்சுக்குப் போ. போகும் வழியிலும் வார்டிலும் கர்த்தர் உன்னைக் கண்ணின் மணிபோலக் காக்கட்டும். பதினைந்தாம் தேதி உனக்கு எந்த டியூட்டி என்றாலும் ஜிஜாவைக் கூப்பிட மறக்காதே.

எழுத மறந்த ஒன்று. ஜிஜாவின் தாளில் ஐந்து படம் இல்லை, ஆறு. கடைசியில் ஒரு தவளை. சின்ன வயதில் அங்கன்வாடியில் உன் தம்ளருக்கு அம்மா தவளை ஒட்டியதும், நீ பட்டாம்பூச்சி கேட்டு ஒரு வாரம் அழுததும் ஞாபகம் உண்டா. நடையிலும் ஆறாவது கொக்கியில் உன் கிளிப்பைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். தவளைக்கு நேரே மட்டும் நேரம் எழுதவில்லை. ஏன் என்று கேட்டேன், அக்காவுக்கு டைம் கணக்கு கெடயாது அப்பா என்றாள். கிறிஸ்துமஸுக்கு லீவு கேட்டுப் பார் மக்களே. வந்து, உள்ளே போய்க் கொண்டியைப் போட்டுக்கொண்டு உன் இஷ்டம்போல இரு. நாங்கள் ஐந்து பேரும் கூடையைப் பிடித்துக்கொண்டு வெளியே வரிசையில் நிற்கிறோம், ஒருத்தரும் தட்டமாட்டோம்.

ஆசீர்வாதங்களோடு,
உன் அப்பா
எலியா
(ஆமை)