கேபிள் செருகும் இடம்

மார்ச் 3, செவ்வாய்

மருத்துவமனை அழைப்பு இன்று பாதியில் அறுந்தது. மூன்று வருடமாக சிங்கப்பூர் மருத்துவமனைகளுக்கு வீட்டிலிருந்தே காணொளியில் மொழிபெயர்க்கிறேன். இப்படி ஓர் இடத்தில் அறுந்ததில்லை.

நோயாளி, கிராஞ்சி தொழிலாளர் விடுதியில் தங்கி வேலை செய்யும் ஒரு தம்பி, இருபத்தாறு வயது. பெயரை இங்கேகூட எழுதமாட்டேன். வேலையிடத்தில் ஏதோ திரவம் தெறித்து இரண்டு கண்ணிலும் கட்டு. மருத்துவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். "ஆப்பரேஷன் செய்யணும். அதுக்கப்புறம் பார்வை—" அத்தோடு திரை உறைந்துவிட்டது.

திரும்பச் சேர நான்கு நிமிடம். சேர்ந்ததும் முதலில் கேட்டது அவன் குரல்தான்.

"அக்கா, பார்வை வராதா? அதான் நிறுத்திட்டீங்களா?"

மெல்ல மெல்லத் திரும்ப நல்ல வாய்ப்பிருக்கிறது என்பதுதான் மீதி வாக்கியம். சொன்னேன். ஆனால் அந்த நான்கு நிமிடம் இருட்டில் உட்கார்ந்து என்னவெல்லாம் நினைத்திருப்பான்?

மார்ச் 4, புதன்

என் கணவர் ரமணன் வேலை முடிந்து வந்ததும் கணினியின் பின்பக்கம் குனிந்தார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர்; வீட்டிலும் எதையாவது பிரித்தால்தான் அவருக்குச் சந்தோஷம். இந்தக் கணினியே அவர் கையால் பூட்டியது, என் நாற்பதாவது பிறந்தநாளுக்கு.

கேபிளை மாற்றினார். மென்பொருளை அழித்துத் திரும்பப் போட்டார். கேபிள் செருகும் இடத்தில் இருக்கும் பச்சை விளக்கு அப்போதும் அணைந்து அணைந்து எரிந்தது. வைஃபையில் அழைப்பு எடுக்கக்கூடாது என்பது எனக்கு வேலை தரும் ஏஜென்சியின் விதி.

"தனியா ஒரு நெட்வொர்க் கார்டு வாங்கிப் போட்டுடலாமா?" என்று கேட்டேன்.

"மதர்போர்டுலயே நல்லது குடுத்திருக்கான், சாலா. ஆன்போர்டே போதும்லா. தனி கார்டெல்லாம் அந்தக் காலம்."

மார்ச் 7, சனி

மறுபடி அறுந்தது. இந்த முறை சர்க்கரை நோய்க்காரப் பாட்டி ஒருவர், பெரிய பாதகமில்லை. ஆனாலும் இனிமேல் வேலை எதுவும் தர வேண்டாம் என்று ஏஜென்சிக்கு எழுதிவிட்டேன். ரமணனிடம் கத்தியும் விட்டேன். "உங்க போர்டு நல்ல போர்டுதான், நான்தான் சரியில்ல, போதுமா?" அவர் சட்டியில் இருந்த மீனை எனக்குப் பெரிய துண்டாக எடுத்து வைத்தார். அதைப் பார்த்து இன்னும் கோபம் வந்தது.

மார்ச் 10, செவ்வாய்

ஏஜென்சியிலிருந்து போன். தம்பிக்கு ஆப்பரேஷன் முடிந்துவிட்டதாம். 20ஆம் தேதி கட்டுப் பிரிக்கிறார்கள். அந்த அக்காவே பேசட்டும் என்று அவன் கேட்டானாம்.

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

மார்ச் 14, சனி

தனியாக, கணினிச் சாமான் விற்கும் சிம் லிம் கடைத்தொகுதிக்குப் போனேன். நான்காவது கடையில் ஹனீன் என்ற பெண் இருந்தாள், தமிழில் பேசினாள். ஆன்போர்டு உசத்தியா, தனி கார்டு உசத்தியா என்று நேராகக் கேட்டேன்.

"வீட்டு நெட்டுக்கு ரெண்டுமே ஒரே வேகம்தான்க்கா. உசத்தி தாழ்த்தி ஒண்ணுமில்ல. ஆனா போர்டுல உள்ளது கெட்டுப்போச்சுன்னா அத மட்டும் பிடுங்கி மாத்த முடியாதுலா. கார்டுன்னா கழட்டிட்டு வேற போடலாம்."

ஆக, ரமணன் சொன்னதும் தப்பில்லை. நல்ல போர்டுதான், அந்த ஓர் இடம் மட்டும் கெட்டுவிட்டது. இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் சண்டையே வந்திருக்காதே! கார்டு என் உள்ளங்கை அளவுகூட இல்லை. வீடு இருக்கும் செங்காங் வரைக்கும் ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

அவர் கடைக்குப் போயிருந்த நேரம் நானே பெட்டியைத் திறந்தேன். கார்டு செருகும் இடத்தைத் தேடினால் காணோம். ரமணனின் கிராபிக்ஸ் கார்டு, செங்கல் மாதிரி ஒன்று, அதை முழுசாக மறைத்துக்கொண்டிருந்தது. அதில்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானமெல்லாம் திரையில் கார் பந்தயம் ஓட்டுவார். அது ஒன்றுதான் அவருக்குப் பொழுதுபோக்கு.

நான் திருப்புளியோடு தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சரி, பெட்டியை மூடிவிடலாம், வேறு வழி பார்க்கலாம் என்றேன்.

"எதுக்கு?" என்றார். இரண்டு திருகைக் கழற்றி, அந்தச் செங்கல்லை வெளியே எடுத்து, ஒரு பழைய டி-ஷர்ட்டில் சுற்றி அலமாரியில் வைத்தார். "படம் காட்டறதுக்கு ஆன்போர்டே போதும். நீ போடு."

"உங்க கார்?"

"ஓட்டின வரைக்கும் போதும்லா. எப்பவும் கடைசியாத்தான் வர்றேன்."

கார்டை நான்தான் அழுத்திச் செருகினேன். பச்சை விளக்கு அணையாமல் எரிந்தது. ஒரு மணி நேரம் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம், பைத்தியங்கள் மாதிரி.

மார்ச் 20, வெள்ளி

நாற்பத்தைந்து நிமிட அழைப்பு. ஒரு தடவைகூட அறுபடவில்லை.

மருத்துவர் கட்டைப் பிரித்தார். தம்பி கண்ணைத் திறக்கவே பயந்தான். "மெதுவா, அவசரமில்ல" என்று மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். பிறகு என்ன தெரிகிறது என்று கேட்டார். அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று எட்டிப் பச்சை விளக்கைப் பார்த்தேன். இல்லை; மூச்சுச் சத்தம் கேட்டது.

"மங்கலாத்தான் இருக்கு. ஆனா தெரியுது. கம்ப்யூட்டர் பொட்டியில ஒரு அக்கா இருக்காங்க. பச்சைச் சட்டை."

நோயாளி சொல்வதை 'நான்' என்று அவர் வாயாகவேதான் நாங்கள் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் சொன்னேன்: எனக்குத் தெரிகிறது. பச்சைச் சட்டை போட்ட ஒரு பெண் தெரிகிறாள். இரண்டாவது வாக்கியத்தில் என் குரல் உடைந்துவிட்டது. மருத்துவர் காத்திருந்தார்.

நோயாளி விவரத்தை வீட்டில் யாரிடமும் சொல்லக்கூடாது. ரமணன் வந்து என் முகத்தைப் பார்த்தார். "லைன் அறாம நின்னுச்சா?" என்று மட்டும் கேட்டார். "நின்னுச்சு" என்றேன். வேறெதுவும் கேட்காமல் தேநீர் போடப் போனார்.

ஏப்ரல் 2, வியாழன்

இந்த மாதத்துக்குப் பதினோரு அழைப்புகள் வந்திருக்கின்றன; எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஒன்று அதே மருத்துவர், அதே தம்பி, 17ஆம் தேதி காலை. வருகைக்கான காரணம் என்ற இடத்தில் இப்படிப் போட்டிருக்கிறது: படிக்கும் கண்ணாடிக்கு அளவு பார்க்க.